குறை சொல்லவும் ஆள் வேண்டாமா?

“கால்பந்தைப் பற்றிப் பெண்பிள்ளைகளுக்கு என்னடி பேச்சு?” என்று எங்கள் வீட்டுப் பாட்டிமார் கேட்பதுண்டு. பேச்சு இருக்கிறது பாட்டி, நிறையவே இருக்கிறது! மதிய உணவு மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்து எங்கள் பள்ளி வேப்பமரத்தடிக்கு வந்து பார்த்தால் தெரியும். நாங்கள் ஐந்து பேர். இருவர் விடுதி மாணவியர். அவர்களுள் ஒருத்தி கல்வராயன் மலையிலிருந்து வந்தவள். ஒருத்தி நாள்தோறும் ரயிலில் வருகிறவள். மற்ற இருவரும் திருக்கோவிலூர்க்காரிகள். டிபன் பாக்ஸில் சோறு ஆறிப்போகும். வாதம் மட்டும் சூடு குறையாது. வாதத்தின் பொருளோ பெரும்பாலும் ஒன்றுதான். சென்னையின் எஃப்.சி. குழு ஏன் இப்படி ஆடுகிறது? குற்றம் பயிற்சியாளருடையதா, ஆட்டக்காரர்களுடையதா?

இந்த நோய் அண்ணன்மாரிடமிருந்து எங்களுக்குத் தொற்றியது. 2014-ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது பிறந்த குழு அது. நாங்கள் அப்போது அ, ஆ எழுதப் பழகிக்கொண்டிருந்தோம். அடுத்த ஆண்டே அக்குழு பட்டியலின் அடியில் கிடந்து, பிறகு எழுந்து, டிசம்பர் மாதம் கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் எஃப்.சி. கோவாவைக் கடைசி நிமிடங்களில் 3-2 என்று வீழ்த்திய கதையை அண்ணன்மார் எத்தனை முறை சொன்னாலும் எங்களுக்கு அலுப்பதில்லை. சென்னை நகரம் வெள்ளத்தில் தத்தளித்த மாதம் அது. சொந்த ஊரில் ஆடவேண்டிய அரையிறுதியைக்கூடப் புனேயில் போய் ஆட வேண்டியதாயிற்று.

ஆனால் எங்கள் சண்டை அடுத்த பட்டத்தைப் பற்றியது. 2018 மார்ச் 17-ஆம் நாள், பெங்களூரு எஃப்.சி.யை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்றார்கள். பிரேசில் நாட்டுப் பின்வரிசை வீரர் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல். ரஃபேல் அகஸ்டோ ஒன்று. பயிற்சியாளர் ஜான் கிரிகோரி என்ற இங்கிலாந்துக்காரரைத் தலையில் வைத்துக் கொண்டாடாதவர் இல்லை. அடுத்த பருவத்திலும் அதே கிரிகோரி, அதே நீலச் சட்டை. ஆனால் பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பதே புள்ளிகள், பத்துக் குழுக்களில் பத்தாவது இடம்! ஓராண்டுக்குள் ஒரு மனிதருக்குத் தொழில் மறந்துபோகுமா?

“மறந்துதான் போயிற்று, அவரை அப்போதே அனுப்பியிருக்க வேண்டும்” என்பாள் ரயில் தோழி. மலைத் தோழி விடமாட்டாள். வியாசர்பாடியில் ஆடி வளர்ந்த தனபால் கணேஷ், நடுவரிசையின் அச்சாணி போன்றவர், முழங்கால் காயத்தால் அந்தப் பருவம் ஆடவில்லை. பின்வரிசையைக் கட்டிக்காத்த செரேனோவும் குழுவைவிட்டுப் போய்விட்டார். “அச்சாணி கழன்ற வண்டிக்கு வண்டிக்காரனை அடித்து என்ன பயன்?” என்பாள். உடனே மற்றொருத்தி, 2019 கடைசியில் கிரிகோரி விலகி ஓவன் காயில் வந்ததும் தோற்றுக்கொண்டிருந்த அதே ஆட்டக்காரர்கள் 2020 மார்ச்சில் இறுதிப் போட்டி வரை போனார்களே என்பாள். “ஏன், வால்ஸ்கிஸ் அடித்த பதினைந்து கோல் உன் கணக்கில் இல்லையா?” என்பாள் இன்னொருத்தி. கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் ஏ.டி.கே. குழுவிடம் 3-1 என்று அந்த இறுதிப் போட்டியில் தோற்றார்கள் என்பதை நினைத்து ஐவரும் ஒரு கணம் மௌனமாவோம். பின்னர் அதே காயில் 2023-இல் திரும்பி வந்தும், 2024-25 பருவத்தில் குழு பதின்மூன்றில் பதினொன்றாவதாக முடிந்ததை யாராவது நினைவூட்டுவாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். வகுப்பு மணி அடித்துவிடும்.

இப்படிக் குறை சொல்வது வீண்பேச்சு என்று பெரியவர்கள் சிலர் கருதுகிறார்கள். நாங்கள் அப்படிக் கருதவில்லை. சென்னை நேரு விளையாட்டரங்கில் ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ என்று ரசிகர் கூட்டங்கள் உண்டு. (பெயரிலேயே மச்சான் இருந்தால் நாங்கள் எங்கே போய் உட்காருவது என்று கேட்டுச் சிரிப்போம். பெண்களும் அக்கூட்டத்தில் உண்டு என்பது தெரியும்.) குழு தோற்றால் அவர்கள் வருந்துகிறார்கள், கோபிக்கிறார்கள், பயிற்சியாளரை மாற்று என்கிறார்கள், அடுத்த ஆட்டத்துக்கு மறுபடியும் வந்து நிற்கிறார்கள். ஓர் ஆட்டக்காரரின் நிறத்தையும் குடும்பத்தையும் இழுத்துப் பேசுவது கீழ்மை. அதை நாங்கள் ஒப்பமாட்டோம். ஆனால் ‘இன்று நீ சரியாக ஆடவில்லை’ என்று சொல்வது, ‘நீ நன்றாக ஆடக்கூடியவன் என்று எனக்குத் தெரியும்’ என்று சொல்வதற்குச் சமம். வீட்டில் அம்மா நம்மைத்தானே திட்டுகிறார்கள்? பக்கத்து வீட்டுப் பிள்ளையையா திட்டுகிறார்கள்?

இவ்வளவு தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு ஒருநாள் தலைகுனிவு நேர்ந்தது. உடற்கல்வி ஆசிரியை விசில் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு மரத்தடிப் பக்கம் வந்தார்கள். சற்று நேரம் எங்கள் வாதத்தைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, “இவ்வளவு பேசுகிறீர்களே, இந்திய மகளிர் லீக்கில் பட்டம் வென்ற தமிழ்நாட்டுக் குழு எது? அதன் பயிற்சியாளர் யார்? நான்கு ஆட்டக்காரிகளின் பெயர் சொல்லுங்கள்” என்றார்கள். லிதுவேனியா நாட்டு வால்ஸ்கிஸின் கோல் கணக்கு தெரிந்த எங்களுக்கு இது தெரியவில்லை. ஒருத்தி மட்டும் “இந்துமதி” என்று மெல்ல முனகினாள். ஆசிரியை வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பிறகு தேடத் தொடங்கினோம். தேடினால் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நம் ஊர்ப் பாலத்தின் கீழே கபிலர் குன்றைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறதே தென்பெண்ணை, அது போய்க் கடலில் சேருவது கடலூர் அருகே. அந்தக் கடலூர்தான் இந்துமதி கதிரேசனின் ஊர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து போன கடற்கரை அது. பெற்றோரை இழந்த சிறுமியரும் ஏழைச் சிறுமியரும் பந்து பழகிய இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி அங்கே உருவாகி, 2018-ஆம் ஆண்டு இந்திய மகளிர் லீக்கில் ஆடும் அளவுக்கு உயர்ந்தது. அதே 2018-இல் கட்டாக் நகரில் தமிழ்நாட்டுப் பெண்கள், பலமுறை தேசியப் பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என்று வென்று சாம்பியன் ஆனார்கள். 2023 ஜூன் மாதம் அமிர்தசரசில் அரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று இரண்டாம் முறையும் ஆனார்கள். இந்துமதி இந்தியாவுக்காக ஆடியவர்; தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரும்கூட. சந்தியா ரங்கநாதன் என்ற இன்னொரு முன்னணி வீராங்கனையும் கடலூர் மாவட்டத்தவரே. நம் ஆற்றுத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் இத்தனை நடந்திருக்கிறது. நாங்களோ புனேயில் நடந்த அரையிறுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆசிரியை கேட்ட அந்தக் குழு, மதுரையின் சேது எஃப்.சி. 2019 மே மாதம் மணிப்பூர் போலீஸ் குழுவை 3-1 என்று வென்று பட்டம் பெற்றது. பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த், ஒரு பெண். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி அக்குழுவில் ஆடினார். சரி, மதுரை மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடியிருப்பார்கள் அல்லவா? பந்தயம் நடந்த இடம் பஞ்சாபிலுள்ள லூதியானா!

இங்கேதான் எங்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பெண்கள் குழுவுக்கு ரசிகர் இல்லை, ஆகவே யாரும் பேசுவதில்லை என்று சொல்கிறோம். ரசிகர் எங்கிருந்து வருவார்? 2017-இல் தொடங்கிய அந்த லீக் ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரே ஊரில் எல்லாக் குழுக்களையும் கூட்டி நடத்தப்பட்டது. டில்லி, ஷில்லாங், லூதியானா, பெங்களூரு, புவனேஸ்வர், அகமதாபாத் என்று அது ஊர் ஊராகப் போயிற்று. குழு தன் சொந்த ஊரில் ஆடவில்லை. 2023-24 பருவத்தில்தான் சொந்த ஊரிலும் எதிரி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை வந்தது. தன் ஊர் மைதானத்தில் ஒரு மாலைகூட ஆடாத குழுவை யார் நேசிப்பது, யார் கோபிப்பது? ஆண்கள் குழுவின் பயிற்சியாளர் ஒரு ஆட்டத்தில் தோற்றால் மறுநாள் ஆயிரம் பேர் ஆலோசனை சொல்கிறார்கள். பெண்கள் குழு தோற்றால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. பாராட்டு இல்லாததுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. குறை சொல்லக்கூட ஆளில்லையே, அதுதான் எங்களை உறுத்துகிறது.

பெண்கள் ஆடினால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது வெறும் சாக்கு. 1920-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ‘டிக், கெர்’ தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய பந்தயத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பரிலேயே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், தன்னைச் சேர்ந்த மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்லவாம்! கூட்டம் வரவில்லை என்பதற்காக அல்ல, கூட்டம் வந்த பிறகு போட்ட தடை. அதை நீக்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. 2022 ஏப்ரலில் பார்சிலோனா மகளிர் குழுவின் பந்தயத்தை 91,648 பேர் நேரில் பார்த்தார்கள். நடுவே போன அந்த ஐம்பது ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

மதிப்பிற்குரிய சிஸ்டர்களுக்கும் பெற்றோர்களுக்கும் எங்கள் விண்ணப்பம் சிறியது. மாலையில் நம் மைதானத்தில் த்ரோபாலும் கோகோவும் டென்னிகாய்ட்டும் நடக்கின்றன. அவற்றைப் பறிக்க எங்களுக்கு எண்ணமில்லை. வாரத்தில் இரு மாலை, விடுதி ஜெபமணிக்கு முன் முக்கால் மணி நேரம், மைதானத்தின் தென்பாதி போதும். “முட்டி உடைந்தால் யார் கட்டிக்கொள்வார்கள்?” என்று ஓர் அம்மா கேட்டார்கள். எங்கள் மலைத் தோழி விடுமுறையில் விறகுச் சுமையோடு சரிவில் இறங்குகிறாள். அப்போது முட்டியைப் பற்றி யாரும் கேட்டதில்லை. பந்தின் பின்னால் ஓடும்போது மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. வேலை செய்ய உறுதியான கால், ஆடுவதற்கு மட்டும் மெலிந்து போய்விடுமா?

அனுமதி வரும்வரை சும்மா இருக்க மனமில்லை. நூலகத்தின் பக்கத்தில் உள்ள கரும்பலகையில், சிஸ்டரின் இசைவோடு, பெண்கள் கால்பந்துக்கென ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டோம். முதலில் சேது குழுவின் வெற்றியை எழுதினோம். நாலைந்து பேர் நின்று படித்தார்கள். “பரவாயில்லையே” என்றுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் ஒரு தோல்வியை எழுதினோம். 2022 மே மாதம் புவனேஸ்வரில் பட்டத்தைத் தீர்மானித்த கடைசி ஆட்டம். அதுவரை தோல்வியே காணாத சேது குழு, தோல்வியே காணாத கோகுலம் கேரளாவிடம் 3-1 என்று தோற்றது. முதல் கோலைப் போட்டது சேதுதான்!

மறுநாள் காலை வந்து பார்த்தால், அதன் கீழே கோணல் எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: “முதல் கோல் போட்டும் தோற்றால் பின்வரிசை சரியில்லை என்று அர்த்தம். கோச்சை மாற்றவும்.”

எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? அன்று சேதுவின் பயிற்சியாளராக இருந்தவர் கிறிஸ்பின் செத்ரி. அவரே பின்னர் ஒடிசா குழுவுக்கு 2023-24 லீக் பட்டத்தை வாங்கித் தந்தார். 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று, இந்தியப் பெண்கள் 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோதும் அவர்தான் பயிற்சியாளர். இதையெல்லாம் பலகையில் இடம் போதாமல் பொடி எழுத்தில் எழுதி, “இப்போது என்ன சொல்கிறாய்?” என்று கேட்டிருக்கிறோம்.

எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுப் பிள்ளை என்று ஊகிக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. சாக்பீஸ் கட்டியைப் பலகையின் விளிம்பிலேயே வைத்திருக்கிறோம்.