ஒரு மதுச்சாலையும் ஒரு மரணசாசனமும்

'பப்' என்ற சொல்லை நம்மவர் தவறணை என்று மொழிபெயர்த்துவிட்டுக் கடந்துபோவதுண்டு. இங்கிலாந்தின் கிராமங்களிலோ அது குடிப்பதற்கு மட்டுமான இடமன்று. தேவாலயத்துக்கு அடுத்தபடியாக ஊரைக் கூட்டிவைக்கும் இடம் அதுவே எனலாம். அத்தகைய இடமொன்றை எவ்வாறு காப்பாற்றுவது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

வூஸ்டர்ஷெயர் மாவட்டத்தின் பிரெட்ஃபோர்ட்டன் என்னும் அழகிய கிராமத்தில் 'ஃபிளீஸ் இன்' இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் பண்ணை வீடாகக் கட்டப்பெற்று, 1848இல் மதுச்சாலையானது. சூனியக்காரிகள் புகைபோக்கி வழியாக இறங்காதிருக்க அடுப்படியில் வெள்ளை வட்டங்கள் வரையும் பழைய வழக்கம் அங்கு இன்னும் விடுபடவில்லை. தலைமுறைகளாக ஒரே குடும்பத்திடமிருந்த இதனை, 1977இல் காலமான லோலா டாப்ளின் அம்மையார், மரபுரிமைகளைப் பேணும் நஷனல் ட்ரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார். அது மதுச்சாலையாகவே நடைபெறவேண்டும் என்பது அவரது விருப்பம். பொதிகளில் வரும் உருளைக்கிழங்குச் சீவல் அங்கு விற்கப்படலாகாது என்றும் அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வர்.

2004 பெப்ரவரியில் அதன் வைக்கோற்கூரை தீப்பற்றியது. ஆயினும் பழைய முறையிலேயே திருத்தப்பட்டு, 2005இல் மீண்டும் கதவு திறந்தது. வசந்தகாலத்தில் அப்பகுதி விவசாயிகளின் அஸ்பரகஸ் தண்டுகள் ஏலம் விடப்படுவதும் அங்கேதான்.

இதற்கு மாறானது ஸ்டஃபோர்ட்ஷெயரின் 'குரூக்கட் ஹவுஸ்'. சுரங்கங்களால் நிலம் தாழ்ந்து ஒரு பக்கம் சரிந்து நின்ற அந்த 18ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தை நாடே அறியும். ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அதன் பெயர் இருக்கவில்லை. 2023இல் அது கைமாறியது. விரைவிலேயே, ஓகஸ்ட் 5ஆம் திகதி இரவு எரிந்தது. இரு நாட்களில் முற்றாக இடிக்கப்பட்டது. அவ்வாறு இடிக்க அனுமதி வழங்கவில்லை என்றது உள்ளூராட்சிச் சபை. 2024 பெப்ரவரியில், மீளக் கட்டுமாறு அறிவித்தல் விடுத்தது.

தீ இரண்டையும் தீண்டியது. ஒன்று மீண்டதற்கும் மற்றது மண்ணானதற்கும் காரணம் ஊராரின் அன்பில் இருந்த ஏற்றத்தாழ்வு அன்று. இடிந்த சுவரின் முன்னால் அழுதவர்களும் அதனை நேசித்தவர்களே. ஒன்றுக்கு விற்க விரும்பாத உரிமையாளர் வாய்த்தார், மற்றதற்கு வாய்க்கவில்லை.

மரபுரிமையை நூதனசாலையாக்கிப் பூட்டிவைப்பதே பாதுகாப்பு என்று எண்ணுவோர் பலர். டாப்ளின் அம்மையார் அவ்வாறு எண்ணவில்லை. அவர் கட்டடத்தை மட்டுமன்றி, அதில் நடந்துவந்த வாழ்க்கையையும் சேர்த்தே எழுதிவைத்தார். பழைமையை நேசிப்பவர்கள் செய்யவேண்டியது இதுவே: இழந்தபின் இரங்குவதைவிட, இருக்கும்போதே எழுதிவைப்பது.