இரத்த உரிமையை மன்னிக்க ஜமாஅத் யார்?



சென்ற ஆண்டு ஓர் ஊர் ஜமாஅத்தில் பஞ்சாயத்து. வசதியான வியாபாரி ஒருவரின் 17 வயது மகன் ஓட்டிய கார் மோதி, சைக்கிளில் வந்த கூலித் தொழிலாளி மவுத்தாகிவிட்டார். பையனுக்கு லைசென்ஸ் இல்லை. காரின் இன்ஷூரன்ஸ் காலாவதி. ஓட்டியது டிரைவர்தான் என்று போலீஸில் எழுதவைத்தார்கள். "எல்லாம் விதி" என்றார்கள். இத்தாவில் இருந்த விதவையை ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய அண்ணன் கையில் 30 ஆயிரத்தைத் திணித்து, இழப்பீடு கேட்கமாட்டோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். துஆ ஓதி அந்தச் சபையை முடித்துவைத்தவன் நான். அதற்காக இன்றும் தவ்பா செய்கிறேன்.

தவறுதலாக உயிர் போனாலும் வாரிசுகளுக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது திருக்குர்ஆன் (4:92). விட்டுக்கொடுக்கும் உரிமை வாரிசுகளுக்கு மட்டுமே. முத்தவல்லிக்கு ஏது? எத்தீம் பிள்ளைகளின் பங்கை மன்னிக்க மாமனுக்கு ஏது? பொய்ச் சாட்சி பெரும்பாவம் என்று மிம்பரில் முழங்குகிறோம். பள்ளி அறையிலேயே அதை எழுதிக் கொடுக்கிறோம்!

இன்ஷூரன்ஸ் கூடுமா என்று உலமாக்கள் விவாதிக்கட்டும். ஆனால் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் உங்கள் லாபத்துக்கு அல்ல, உங்கள் வண்டியில் அடிபடுபவருக்காக. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்கியுள்ளது. பேணுதல் பேசி பிரீமியத்தை மிச்சம் பிடிப்பவரே! நாளை கடையை விற்று இழப்பீடு கொடுப்பீரா? ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசுவது மார்க்கமா?

மகனிடம் சாவியைக் கொடுக்கும் தந்தைமாரே! சிறுவன் ஓட்டி விபத்து நடந்தால் 2019 திருத்தப்படி பெற்றோருக்கும் வண்டி உரிமையாளருக்கும் 3 ஆண்டு வரை சிறை, 25 ஆயிரம் ரூபாய் அபராதம்.

இளைஞர்களே! விபத்து நடந்தால் ஓடாதீர்கள். 108ஐ அழையுங்கள். காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பதும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிப்பதும் ஓட்டுநரின் சட்டக் கடமை (பிரிவு 134). அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிவிட்டால் வழக்கு வருமென்று அஞ்சாதீர்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. முதல் 48 மணி நேர இலவச சிகிச்சைக்காகத் தமிழக அரசு 2021இல் தொடங்கிய திட்டம் இருக்கிறது. மோதிய வண்டி எதுவென்று தெரியாமல் போனாலும் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் உண்டு. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய 6 மாதக் கெடுவைச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே நாற்பது கழியட்டும், இத்தா முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். வக்கீலுக்கு வசதியில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! மையித்தைச் சுமக்க முன்வரும் நம் தோள்கள், அந்த விதவையின் வழக்கைச் சுமக்க மறுப்பது ஏன்? மஹ்ஷரில் அவர் நம் சட்டையைப் பிடித்தால், 30 ஆயிரத்துக்கு வாங்கிய அந்தக் காகிதத்தையா அல்லாஹ்விடம் நீட்டுவோம்?

சிந்திப்பீர்!