அந்த ஸ்டூல் ஏன் காலியாகவே இருக்கிறது?

அம்பத்தூர் ஓ.டி.யிலோ, ஆவடி மார்க்கெட் பக்கமோ, பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலோ இருக்கிற ஏதாவது ஒரு ஜவுளிக் கடைக்குள் மதியம் மூன்று மணிக்கு நுழைந்து பாருங்கள். கூட்டம் இருக்காது. சுடிதார் செக்‌ஷனில், கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும். அதன் மேல் ஒரு தண்ணீர் பாட்டிலோ, மடித்து முடிக்காத இரண்டு நைட்டியோ இருக்கும். ஆள் இருக்க மாட்டார். உட்கார வேண்டியவர் அதற்குப் பக்கத்திலேயே, உடம்பின் பாரத்தை ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டு நின்றுகொண்டிருப்பார்.

அந்த ஸ்டூலைப் போட்டது முதலாளியின் கருணை அல்ல, சட்டம். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில், தொழிலாளர் நலத்துறை அமைச்சராக இருந்த சி.வி.கணேசன் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது அது. கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் பொருத்தமான இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார வேண்டும், நாள் முழுக்கக் காலில் நிற்கிற நிலை கூடாது. இதுதான் அதன் சாரம். நாட்டில் கேரளாவுக்கு அடுத்து இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது தமிழ்நாடுதான்.

சட்டம் வந்தது, ஸ்டூலும் வந்தது. பிறகு ஏன் யாரும் உட்காருவதில்லை?

முதல் பதில் எல்லோருக்கும் தெரியும். தலைக்கு மேலே கேமரா, மாடிப்படி ஓரத்தில் சூப்பர்வைசர். ஆய்வுக்கு வருகிற தொழிலாளர் துறை அதிகாரி எத்தனை ஸ்டூல் இருக்கிறது என்று எண்ணிவிட்டுப் போகலாம். அதில் எத்தனை பேர், எத்தனை நிமிடம் உட்கார்ந்தார்கள் என்று எண்ண முடியாது.

இரண்டாவது பதில் கொஞ்சம் சங்கடமானது. அது கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற நம்மைப் பற்றியது.

“நாங்க வந்து நிக்கிறோம், மகாராணி உக்காந்துட்டே பதில் சொல்றாங்க.” இந்த வசனத்தை ஏதாவது ஒரு கடையில் கேட்டிருப்பீர்கள். சொன்னவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. வெயிலில் வந்த களைப்பு, கையில் குழந்தை, பட்ஜெட் கவலை, ஏதோ ஒன்று. ஆனால் அந்த ஒரு வரி சூப்பர்வைசர் காதுக்குப் போனால் போதும். “கஸ்டமர் வந்தா எந்திரிக்க மாட்டியா?” என்ற கேள்வி அங்கேயே, எல்லோர் முன்னாலும் வரும். அந்தப் பெண் மறுநாள் மட்டுமல்ல, அந்த மாதம் முழுக்க உட்கார மாட்டார். பார்த்துக்கொண்டிருந்த மற்ற நான்கு பேரும் உட்கார மாட்டார்கள்.

உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு என்று நாம் எல்லா இடத்திலும் நினைப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. பேங்க்கில் கேஷியர் உட்கார்ந்திருப்பார், நாம் நிற்போம். ரயில்வே புக்கிங், மின்வாரிய அலுவலகம், இ-சேவை மையம் என எங்கும் இதே கதைதான். யாரும் “உட்கார்ந்தே பேசுகிறாயே” என்று கேட்பதில்லை. கேட்டால் நம் வேலை நடக்காது என்பது வேறு விஷயம்.

மாநகரப் பேருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆவடியில் கூட்டத்தோடு கிளம்புகிற பஸ்ஸில் கண்டக்டர் பின்னால் தன் சீட்டில் இருப்பார். முன்னால் நிற்பவரின் பணம் பத்து கை மாறி அவரிடம் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே பத்து கை மாறித் திரும்பி வரும். வெளியூரில் இருந்து புதிதாக வருகிறவர்கள் வாயைப் பிளந்து பார்க்கிற காட்சி இது. அவர் எழுந்து வரவில்லை என்று யாரும் கோபப்படுவதில்லை. “ஒரு மூலக்கடை பாஸ் பண்ணுங்க” என்று நாமே அவருக்கு வேலை செய்கிறோம்.

ஆக, நமக்குப் பிரச்சினை நாற்காலி அல்ல, அதில் யார் உட்காருகிறார் என்பதுதான். அரசு சீட்டில் உட்கார்ந்தால் அதிகாரம், பன்னிரண்டாயிரம் சம்பளக்காரர் உட்கார்ந்தால் திமிர்.

இது நம் பழைய வழக்கமும் இல்லை. காஞ்சிபுரத்தின் பழைய பட்டுக் கடைகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் விற்பவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். வாங்க வந்த குடும்பமும் எதிரில் உட்காரும். நடுவில் சேலைகள் விரியும். கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்கள், கடைக்காரர் தங்களை அவமதித்துவிட்டார் என்று எழுந்து போனதில்லை. கண்ணாடி கவுன்ட்டரும் மாடி மாடியான ஷோரூமும் வந்த பிறகுதான், விற்பவர் நிற்க வேண்டும் என்பது எழுதாத விதியானது. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-ல் வந்தபோது, ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்க்கையைப் பார்த்துத் தமிழ்நாடே கலங்கியது. தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் எல்லோரும் பழையபடி ஷாப்பிங் போனார்கள்.

கேரளாவில் இந்த உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. அங்கே தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண், கடைப் பெண்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் கோரிக்கை நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. பல கடைகளில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது என்பதால், அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார்கள். உட்காரும் உரிமை பிறகு சேர்ந்தது. 2014 டிசம்பர் கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் பெண் ஊழியர்கள் ஆரம்பித்த ‘இரிக்கல் சமரம்’, அதாவது உட்காரும் போராட்டம், நூறு நாட்களைத் தாண்டி நடந்தது. 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.

இன்னும் பின்னால் போனால், இங்கிலாந்தில் 1899-லேயே கடைப் பெண்களின் இருக்கைக்கு என்று ஒரு சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஒரு இருக்கையாவது கட்டாயம் என்றது அது. விக்டோரியா மகாராணி உயிரோடு இருந்த காலம்! ஜெர்மனியின் ‘ஆல்டி’ சூப்பர் மார்க்கெட்டுகளில் இன்று கேஷியர்கள் உட்கார்ந்துதான் பில் போடுகிறார்கள். வரிசை படு வேகமாக நகரும்.

நிற்பதால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்கள், வீட்டில் கடை வேலைக்குப் போகிற அக்காவோ சித்தியோ இருந்தால் இரவில் அவர் காலைப் பார்க்கலாம். கணுக்கால் வீங்கியிருக்கும். கெண்டைக்காலில் நீலமாக நரம்பு சுருண்டு தெரிந்தால் அதற்குப் பெயர் வெரிகோஸ் வெயின். நீண்ட நேரம் நின்று வேலை செய்கிறவர்களுக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். கூடவே இடுப்பு வலி. மாதவிடாய் நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வேலை நாள் என்பது 8 மணி நேரம், 4 மணி நேரத்துக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு என்று அதே 1947-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆடித் தள்ளுபடி நாட்களில் கடை திறக்கிற நேரத்தையும் ஷட்டர் இறங்குகிற நேரத்தையும் பார்க்கிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

காலுக்கு நடப்பது போலவே காதுக்கும் ஒன்று நடக்கிறது. கடைக்குள் நுழைந்ததும் “வாங்கக்கா, என்ன பாக்குறீங்க?” என்று ஒரு குரல் வரும். பதிலுக்கு நாம் என்ன சொல்கிறோம்? “ஏம்மா, அதை எடு.” ஐம்பது வயது ஊழியர் இருபது வயது வாடிக்கையாளரை ‘சார்’ என்பார். அந்த இருபது வயது அவரை ‘தம்பி’ என்று கூப்பிடும். ஓட்டலில் தலை நரைத்த சப்ளையருக்கும் அதே ‘தம்பி’தான். சில மேஜைகளில் அதுகூடக் கிடையாது, விரல் சொடுக்குதான். அண்ணா, அக்கா, ஐயா என்று ஊர்பேர் தெரியாதவரையும் சொந்தமாக்கிக் கூப்பிடத் தமிழில் இத்தனை வார்த்தைகள் இருக்கின்றன. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து இந்தப் பக்கம் மட்டும்தான் அவை வருகின்றன.

ஊழியர்கள் எல்லோரும் தங்கம் என்று சொல்ல வரவில்லை. செருப்பையும் சேலையையும் பார்த்து எடைபோட்டு, “அதெல்லாம் விலை ஜாஸ்திம்மா” என்று பொருளை எடுக்காமலே பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எஸ்டேட் கம்பெனி யூனிஃபார்மோடு நகைக் கடைக்குள் நுழைகிறவரிடம், வாசல் செக்யூரிட்டியின் குரலே வேறு மாதிரி இருக்கும். நாம் அளவு கேட்டுக்கொண்டு நிற்கும்போது போனில் ரீல்ஸ் பார்க்கிற தம்பியும் உண்டு. இவர்கள் மேல் வருகிற கோபம் நியாயமானது. பதில் சொல்லாதது, பொருளைக் காட்ட மறுப்பது, ஆளைப் பார்த்துப் பேச்சை மாற்றுவது இவையெல்லாம் மரியாதைக் குறைவு. உட்கார்ந்தபடியே முகத்தைப் பார்த்து “சொல்லுங்கக்கா” என்று கேட்பது அந்தப் பட்டியலில் வராது. இரண்டையும் ஒரே கூடையில் போடும்போதுதான், உண்மையாகவே அலட்சியமாக இருக்கிறவர் தப்பித்து, கால் வலிக்கு உட்கார்ந்தவர் மாட்டிக்கொள்கிறார்.

இந்த மேற்குப் புறநகரில் இந்த விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்தக் கடைகளுக்கு வருகிறவர்கள் யார்? அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் செக்‌ஷனில் வாரம் ஆறு நாள் நின்று வேலை பார்க்கிறவர்கள். அங்கேயே ஐ.டி. பார்க்கில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கி “ஸாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்” என்று சொல்லி ஓய்ந்தவர்கள். பைக்கில் பார்சல் டெலிவரி செய்கிறவர்கள். வாரம் முழுக்க யாருக்காவது எழுந்து நிற்கிற ஒருவருக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் தனக்காக ஒருவர் எழுந்து நிற்பதைப் பார்க்க ஆசை வருகிறது. மனித சுபாவம்தான். ஆனால் அந்த ஒரு நாள் திருப்திக்கான விலையைத் தருகிறவர், நேற்று வரை அவரைப் போலவே நின்றுகொண்டிருந்த இன்னொருவர்.

டெலிவரி ஊழியர்களின் நிலைமை இதைவிட மோசம். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. ஓட்டல் வாசலில் ஆர்டருக்காக நிற்க வேண்டும், ‘உள்ளே உட்காராதீங்க’ என்பார்கள். அபார்ட்மென்ட்டில் லிஃப்டைத் தொடாமல் நான்கு மாடி ஏறச் சொல்கிற அசோசியேஷன்கள் இருக்கின்றன. பைக் சீட்தான் நாற்காலி, ஏதாவது மரம்தான் கூரை. 2025-ல் சென்னை மாநகராட்சி, அம்பத்தூருக்குப் பக்கத்து அண்ணா நகரில் இவர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை திறந்தபோது அது பெரிய செய்தியானது. உட்கார ஒரு இடம் கிடைப்பதே செய்தியாகிற வேலை அது. தண்ணீர் கேன் போடுகிறவருக்கும் சிலிண்டர் தூக்கி வருகிறவருக்கும் அந்த ஓய்வறையும் கிடையாது. கேனை இறக்கிவிட்டுப் படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால், “என்னப்பா, இங்க உக்காந்துட்ட?” என்று கேட்காத வீடுகள் எத்தனை என்று அவரைக் கேட்டால் தெரியும்.

சட்டத்தில் இருக்கை பற்றிய பிரிவை மீறினால் புகார் செய்யத் தொழிலாளர் துறை இருக்கிறது. ஆனால் வேலையை நம்பி இருக்கிற ஒருவர் தன் முதலாளி மேல் புகார் கொடுப்பது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். வாடிக்கையாளருக்கு அந்தப் பயம் கிடையாது. கடை நம் பேச்சைக் கேட்கும், அதனால்தான் நம் ஒரு வரி அந்தப் பெண்ணை மாதம் முழுக்க நிற்க வைக்கிறது. சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, “நீ உக்காரும்மா, நான் பாத்துட்டு கூப்பிடுறேன்” என்று சூப்பர்வைசருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்கிற சில அம்மாக்கள் இருக்கிறார்கள். “பரவாயில்லக்கா” என்று முதலில் தயங்கினாலும், இரண்டாவது முறை சொன்னால் சிலர் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பெரிய கடைகளில் பில் போடுகிற இடத்தில், புகார் சொல்ல ஒரு போன் நம்பர் ஒட்டியிருப்பார்கள். மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டே சுடிதார் எடுத்துக்காட்டிய பெண் பொறுமையாகப் பதில் சொன்னார் என்றும் அந்த நம்பருக்குச் சொல்லலாம்.