யந்திரம் வளர்ந்தது, ரசிகன் வளர்ந்தானா?

சினிமா ரசிகர்களைப் பற்றி நாம் எழுதப் புகுவது சிலருக்கு அற்ப விஷயமாகத் தோன்றலாம். சாமியும் சாதியும் இன்னும் ஒழியாதிருக்கையில் இதற்கென்ன அவசரம் என்றும் கேட்கலாம். ஆனால் பக்தியானது கோயிலை விட்டுக் கொட்டகைக்குக் குடிபோனதாலேயே அது பகுத்தறிவாகிவிடாது. அன்றியும் இதில் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆதலால் நாம் பேசாதிருக்க முடியவில்லை.

சினிமா யந்திரத்தின் மீது நமக்கு யாதொரு விரோதமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1931-ல் "காளிதாஸ்" என்ற முதல் தமிழ்ப் பேசும் படம் வந்த காலத்தில், கோயிலிலும் ஓட்டலிலும் பிறவியைப் பார்த்து மனிதனை ஒதுக்கி வைத்தார்கள். சினிமாக் கொட்டகைக்காரனோ பெரும்பாலும் கையிலிருக்கும் காசைப் பார்த்துத் தரை, பெஞ்சு, நாற்காலி என்று இடம் கொடுத்தான். காசு வித்தியாசமும் ஒழிய வேண்டியதுதான் என்றாலும், பிறவி வித்தியாசத்தை அந்த இருட்டறை சற்று மறக்கச் செய்தது என்பதை நாம் மறுக்கவில்லை.

அக்காலத்து ரசிகனின் நிலைமை என்ன? 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் "ஹரிதாஸ்" சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவரது பாட்டு ஒரு காரணம். பிரதிகளும் கொட்டகைகளும் குறைவு என்பது மற்றொரு காரணம். பூந்தமல்லிக்காரரும் ஆவடிக்காரரும் ஒரு படத்தைப் பார்க்கப் பட்டணம் போக வேண்டும். இல்லாவிட்டால் படப்பெட்டி தங்கள் பக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்ததில் ஒரு லாபமும் இருந்தது. பார்த்தவர் சொல்வதைக் கேட்டு, போகலாமா வேண்டாமா என்று யோசிக்க அவகாசம் கிடைத்தது.

இன்று பெட்டியே கிடையாது. கம்ப்யூட்டர் மூலம் ஒரே நாளில் உலகமெங்கும் படம் திறக்கப்படுகிறது. போட்ட பணத்தில் பெரும் பாகத்தை முதல் மூன்று நான்கு நாட்களிலேயே எடுத்துவிட வேண்டும் என்பது வியாபார நியாயமாகிவிட்டது. ஏனெனில் ஒரு வாரம் போனால் கதை மோசம் என்ற சங்கதி பரவிவிடும். சில வாரம் போனால் படம் செல்போனுக்கே வந்துவிடும். ஆகவே ரசிகன் யோசிக்கக்கூடாது, ஓடிவர வேண்டும். இந்த அவசரம் முதலாளிக்கு வேண்டியது. ரசிகனோ அதைத் தன்னுடைய அன்பு என்று எண்ணி ஏமாறுகிறான்.

இதன் பலனைப் பாருங்கள். சென்னையிலிருந்து பூந்தமல்லியை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலைக்குப் பெரியார் பெயரை வைத்திருக்கிறார்கள். அதே சாலையில் கோயம்பேட்டில், 2023 ஜனவரி 11-ந் தேதி நள்ளிரவுக்குப் பின் நடந்த "துணிவு" படக் காட்சிக் கொண்டாட்டத்தில், ஓடும் லாரி மீதேறி ஆடிய 19 வயது இளைஞர் ஒருவர் கீழே விழுந்து மாண்டார். பெற்றோருக்கு மகன் போனான். படத்திற்கு வசூல் நிற்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் "லியோ" படம் வந்தபோது, முதற்காட்சி காலை 9 மணிக்குமேல்தான் என்று சர்க்கார் உத்தரவு போட்டது. நல்ல காரியந்தான். ஆனால் சர்க்கார் கடிகாரத்தைத் திருத்தலாம். புத்தியை யார் திருத்துவது?

பால் சங்கதியைக் கேளுங்கள். அம்பத்தூர் ஆவின் பண்ணையில் யந்திரங்களைக் கொண்டு கிருமி நீக்கி, குளிர வைத்து, பையில் அடைத்து அனுப்புவது குழந்தைகளும் நோயாளிகளும் குடிப்பதற்கா, கட்-அவுட்டின் தலையில் ஊற்றுவதற்கா? கல்லுக்கு ஊற்றினால் மூடத்தனம் என்று சிரிக்கிற இளைஞர், பலகைக்கு ஊற்றினால் மாத்திரம் அதைக் கலை ரசனை என்பாரா?

நிற்க, முன்னெல்லாம் ரசிகன் காசை மாத்திரம் கொடுத்தான். இப்போது கூலியில்லாமல் வேலையும் செய்கிறான். இரவெல்லாம் கண் விழித்து ஹாஷ்டேக் போடுவதும், யூடியூபில் ஒரே முன்னோட்டத்தை ஓயாமல் ஓட்டி எண்ணிக்கையை ஏற்றுவதும், எதிர் நடிகரின் ரசிகரைத் தாய் தங்கையரை இழுத்து வைவதும் இவனுடைய உத்தியோகம். விளம்பரம் படக்காரனுக்கு, வருமானம் கம்பெனிக்கு, கண்ணெரிச்சல் இவனுக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பிடிக்கிற தோழர், அளவுகோல் வைத்துப் பார்க்காமல் ஒரு இரும்புத் துண்டையும் சரியென்று ஒப்புக்கொள்ளமாட்டார். அப்படிப்பட்டவர், விளம்பரத்தில் போடும் வசூல் கணக்கை மாத்திரம் யாதொரு அளவுமின்றி நம்பி, அதற்காக நண்பரோடு அடித்துக்கொள்வது என்ன நியாயம்?

பூந்தமல்லியை அடுத்த ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் 2017-ல் "பிக் பாஸ்" வீடு கட்டினார்கள். அங்கே அடைபட்டிருந்தவர்களில் யார் இருப்பது, யார் போவது என்பதற்கு ஜனங்கள் இன்டர்நெட்டில் ஓட்டுப் போட்டார்கள். ஒருவரே பல ஓட்டும் போட்டார். தம் தெருவின் சாக்கடைக்கு ஒரு மனுவும் எழுதாதவர், முன்பின் அறியாத ஒருவருக்காகத் தினந்தோறும் ஓட்டுப் போட்டார்.

அதே இடத்தில் 2020 பிப்ரவரி 19-ந் தேதி, "இந்தியன் 2" படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் மாண்டனர். மூவரும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்கள். அவர்களுக்குக் கட்-அவுட் உண்டா? பால் உண்டா? அவர்கள் பெயரை எத்தனை ரசிகர்கள் அறிவார்கள்? நிழலைத் தொழுகிறவன் நிழலை உண்டாக்கும் தொழிலாளியை நினைப்பதில்லை. பக்தியின் குணமே இதுதான்.

தோழர்களே! படம் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தாராளமாய்ப் பாருங்கள்; நன்றாயிருந்தால் மெச்சுங்கள், மோசமாயிருந்தால் மோசமென்று சொல்லுங்கள். நீங்கள் மெச்சும் நடிகரின் படமானாலும் அப்படியே சொல்லுங்கள். ரசிகன் என்றால் ருசி அறிந்தவன் என்று பொருளேயல்லாமல், அடிமை என்று பொருளல்ல. உங்கள் கையிலுள்ள செல்போனில் உலகத்துப் படங்களையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கலாம், படமெடுக்கவும் கற்கலாம், கேள்வியும் கேட்கலாம். இவ்வளவு பெரிய கருவியைப் பிறர் பணப்பெட்டியை எண்ணுவதற்கு மாத்திரம் உபயோகிப்பது மானமுள்ள மனிதனுக்கு அழகாகுமா என்று யோசித்துப் பாருங்கள்.