சைக்கிளில் போகிறவருக்கு எதற்குத் துப்பாக்கி?

அமெரிக்காவில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கூடும் இடங்களில் ஓயாமல் திரும்பி வரும் கேள்வி ஒன்று உண்டு: தனியாகப் போகும்போது தற்காப்புக்கு எந்தக் கைத்துப்பாக்கி நல்லது? உடனே ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஒருவர் குளோக் 43 என்பார். இன்னொருவர், சிக் சாவர் பி365 உள்ளங்கையில் அடங்கும், பத்துத் தோட்டா பிடிக்கும் என்பார். பழைய ஆள் ஒருவர், ஸ்மித் அண்ட் வெசனின் ஐந்து குண்டு ரிவால்வர்தான் எந்தக் காலத்திலும் மக்கர் பண்ணாது என்று அடித்துச் சொல்வார். ரூகர் எல்சிபி முந்நூறு கிராம்கூட இல்லையே என்று நடுவே ஒரு குரல் வரும். பிறகு உறையை இடுப்பில் கட்டுவதா, முதுகுப் பையில் வைப்பதா, ஹேண்டில்பார் பையில் போடுவதா என்று பட்டிமன்றம். வியர்வையில் துருப்பிடிக்குமா, ஜெர்சிக்கு மேல் புடைத்துக்கொண்டு தெரியுமா என்பது வரை விலாவாரியாக அலசுவார்கள். எதற்கு என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்பவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

பரவாயில்லை, நான் கேட்கிறேன். இடுப்பில் துப்பாக்கி இருந்தால் சைக்கிள்காரர் பத்திரம் என்ற நம்பிக்கை பொய். அவர் உயிருக்கு உலை வைக்கும் ஆபத்தை அது தொடுவதே இல்லை. அது தொடக்கூடிய ஆபத்துகளை அதைவிட மலிவான பொருட்கள் நன்றாகச் சமாளிக்கின்றன. போதாததற்கு, புறப்படும்போது இல்லாத இரண்டு மூன்று ஆபத்துகளை அதுவே கூட்டி வருகிறது.

இந்த நம்பிக்கைக்கு வயது நூற்று முப்பதுக்கு மேல். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவைச் சைக்கிள் மோகம் பிடித்து ஆட்டியது. கிராமத்து நாய்களுக்கு அந்தப் புது வண்டியைக் கண்டாலே ஆகவில்லை. பிரெஞ்சுத் துப்பாக்கித் தயாரிப்பாளர் கலான் இதற்கென்றே ‘வெலோ-டாக்’ என்ற குட்டி ரிவால்வரைக் கொண்டுவந்தார். தோட்டா 5.75 மில்லிமீட்டர். சட்டைப்பையிலிருந்து உருவும்போது துணியில் மாட்டாமலிருக்கச் சுத்தியலை உள்ளே மறைத்திருந்தார்கள். பலவற்றில் விசையைச் சுற்றிக் காப்பு வளையம் கிடையாது. விசையே மடங்கி அடிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். பெல்ஜியத்திலும் ஸ்பெயினிலும் இதைப் பார்த்து ஏராளமாகச் செய்தார்கள். நாயைக் கொல்ல மனம் வராதவர்களுக்கு மிளகாய்த்தூள் அடைத்த தோட்டாவும் விற்பனைக்கு இருந்தது. அந்த மிளகாய்த்தூளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடையில் உருப்படியான சரக்கு அது ஒன்றுதான்.

அட்லாண்டிக்குக்கு அந்தப்பக்கம், மாசசூசெட்ஸ் மாநிலம் ஃபிட்ச்பர்க்கில் ஐவர் ஜான்சன் நிறுவனம் துப்பாக்கி, சைக்கிள் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் செய்தது. கம்பெனிப் பெயரிலேயே ஆயுதமும் சைக்கிளும் சேர்ந்திருந்தன. 1899இல் உலகப் பட்டம் வென்ற கறுப்பின வீரர் மேஜர் டெய்லர் அவர்களுடைய சைக்கிளை ஓட்டியவர். அதே கம்பெனியின் ரிவால்வர் விளம்பரம் ஒன்றில், படுக்கையில் ஒரு சிறுமி துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருப்பாள்: தவறி வெடிக்கவே வெடிக்காதாம். 1901இல் அதிபர் மெக்கின்லியைச் சுட்டது ஐவர் ஜான்சன் ரிவால்வர்தான். 1968இல் ராபர்ட் கென்னடியைச் சுட்டதும் அந்தப் பெயர் பொறித்ததுதான். சைக்கிளும் துப்பாக்கியும் ஒரே பட்டறையில் பிறந்தது அதிசயமில்லை. குழல் கடையத் தெரிந்தவர்களுக்குச் சைக்கிள் பாகம் பெரிய வித்தையல்ல. நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த பிஎஸ்ஏ சைக்கிள்கூட, பர்மிங்காமில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த கம்பெனியின் பெயரைத் தாங்கியதுதான். ஆனால் வண்டியை விற்றவரே வழியைப் பற்றிய பயத்தையும் சேர்த்து விற்றார் என்பதை மறந்துவிடக் கூடாது. வாங்கியவர்கள் அந்தப் பயத்தைப் பேரப்பிள்ளைகள் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

சரி, நாய் துரத்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம், இரண்டு கையும் ஹேண்டில்பாரில். அமெரிக்க சைக்கிள்களில் பெரும்பாலும் இடது கைக்கு முன் பிரேக், வலது கைக்குப் பின் பிரேக். வலது கையைத் துப்பாக்கிக்குக் கொண்டுபோன கணமே பின் பிரேக் போய்விட்டது. மிச்சமிருப்பது முன் பிரேக், அதுவும் ஒற்றைக் கையில்; பதற்றத்தில் இறுக்கிப் பிடித்தால் ஹேண்டில்பார் ஒருபக்கம் திரும்பும், ஆள் மறுபக்கம் விழுவார். உடம்பு முன்னால் குனிந்திருக்கிறது. ஜெர்சி வியர்வையில் முதுகோடு ஒட்டியிருக்கிறது. அதைத் தூக்கி, உறையைத் தடவிக் கண்டுபிடித்து, கையுறை போட்ட விரலோடு உருவ வேண்டும். உருவியாயிற்று. நாய் எங்கே? கணுக்காலுக்குப் பக்கத்தில், பெடலோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. குழல் நீளும் திசையில் முதலில் இருப்பது ஓட்டுபவரின் முழங்கால், அதற்கப்புறம் பாதம், அதற்கும் அப்புறம்தான் நாய். நாய்க்குக் கீழே தார்ச்சாலை. குண்டு தார்ச்சாலையில் பட்டுத் தெறித்து எந்த வீட்டு வாசலுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

நிறுத்தி இறங்கிச் சுடலாமே என்பார்கள். நிறுத்தி இறங்கினால் பெரும்பாலான நாய்களுக்கு ஆட்டம் முடிந்துவிடும். அவை துரத்துவது ஓட்டத்தை. சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு அதட்டினால் குரைத்துவிட்டுத் திரும்பும். திரும்பாத நாய்க்கு அமெரிக்கத் தபால்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: மிளகாய்க் காரம் கலந்த தெளிப்பான். தினமும் நாய்களோடு மல்லுக்கட்டும் தொழில் அவர்களுடையது. அவர்களுக்கே அது போதுமானதாக இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பது மைல் போய் வருகிறவருக்கு ஒன்பது மில்லிமீட்டர் துப்பாக்கி ஏன்?

குறி தவறாது என்ற தைரியத்துக்கும் ஒரு வார்த்தை. நியூயார்க் காவல்துறையின் துப்பாக்கிச் சூடுகளை ராண்ட் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து 2008இல் அறிக்கை கொடுத்தது. 1998 முதல் 2006 வரை, எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் காவலர்கள் சுட்ட குண்டுகளில் இலக்கைத் தொட்டவை நூற்றுக்குப் பதினெட்டு. சம்பளம் வாங்கிப் பயிற்சி பெற்றவர்கள் கதை இது. மேடேறி மூச்சிரைத்து, கை நடுங்க நிற்கும் ஆளிடம் எவ்வளவு எதிர்பார்ப்பது?

காட்டுப் பாதைக்காரர்கள் கரடியைக் காட்டுவார்கள். 2016 ஜூனில் மொன்டானாவில், கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்தில், வனத்துறைக் காவல் அதிகாரி ஒருவர் மலைச் சைக்கிளில் வேகமாக வளைவு திரும்பினார். எதிரே கிரிஸ்லி கரடி, நேராக மோதினார், இறந்துபோனார். அன்று அவரிடம் துப்பாக்கியும் இல்லை, கரடித் தெளிப்பானும் இல்லை. பார்த்தாயா என்று துப்பாக்கிக் கட்சி இதைத்தான் எடுத்துக் கொடுக்கும். விசாரணைக் குழுவின் கணக்குப்படி, கரடியைக் கண்டதற்கும் மோதியதற்கும் இடையே இருந்தது ஓரிரு வினாடி. அந்த நேரத்தில் ஜெர்சியின் ஓரத்தைக்கூடத் தூக்க முடியாது. வேகத்தைக் குறைத்து, வளைவுக்கு முன்னால் குரல் கொடுத்திருந்தால் கரடியே விலகிப் போயிருக்க வாய்ப்புண்டு. அலாஸ்காவில் கரடி மோதல்களை ஆய்வாளர் டாம் ஸ்மித்தும் சகாக்களும் வருடக்கணக்கில் தொகுத்திருக்கிறார்கள். பழுப்புக் கரடியின் சீற்றத்தை நிறுத்துவதில் தெளிப்பான் பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் பலித்தது. துப்பாக்கியும் பல தடவை கரடியை நிறுத்தியது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் துப்பாக்கி வைத்திருந்து சுட்டவர்களையும், வைத்திருந்தும் சுடாதவர்களையும் ஒப்பிட்டபோது, காயத்திலும் சாவிலும் வேறுபாடு தெரியவில்லை என்று 2012இல் எழுதினார்கள்.

சிறுத்தை அளவுள்ள கூகர் பூனையின் கதை இதைவிடப் பாடம் சொல்லும். 2024 பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபால் சிட்டி அருகே ஐந்து பெண்கள் சேர்ந்து சைக்கிளில் போனார்கள். இளங் கூகர் ஒன்று பாய்ந்து ஒருவரின் முகத்தைத் தாடையோடு கவ்விக்கொண்டது. மற்ற நால்வரும் கல்லால், கட்டையால், வெறுங்கையால் போராடி அதன் பிடியை விடுவித்தார்கள். பிறகு ஒரு சைக்கிளை அதன்மேல் போட்டு, ஏறி அழுத்திக்கொண்டார்கள். வனவிலங்கு அதிகாரி வந்து சுடும் வரை விடவில்லை. கடித்த கூகரும் கடிபட்டவளும் பின்னிக் கிடக்கும்போது மற்ற நால்வரில் ஒருத்தியிடம் பிஸ்டல் இருந்திருந்தால் எங்கே குறி வைத்திருப்பாள்? தோழியைக் காத்தது நால்வரின் கை, சைக்கிளின் கனம்.

விலங்கைவிட மனிதரைப் பற்றித்தான் உண்மையான பயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கேதான் துப்பாக்கி மிக மோசமாக ஏமாற்றுகிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்கள் மோட்டார் வாகனம் மோதிச் செத்துப்போகிறார்கள். பின்னாலிருந்து வந்து இடிக்கும் பிக்கப் வண்டியை எந்தப் பிஸ்டல் நிறுத்தும்? வழியை மறித்துச் சண்டைக்கு வரும் கார்க்காரருக்குக் காட்டத்தான் என்றால், 2009 ஜூலையில் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் நடந்ததைக் கேளுங்கள். ஒருவர் பின் இருக்கையில் குழந்தையை வைத்து, மனைவியோடு சைக்கிளில் போனார். காரில் வந்த தீயணைப்பு வீரர் ஒருவர், இவ்வளவு நெரிசலான சாலையில் குழந்தையோடு போகலாமா, ஆபத்தல்லவா என்று வாக்குவாதம் தொடங்கினார். வாக்குவாதம் முற்றியதும் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். குண்டு ஹெல்மெட்டைத் துளைத்தது. தந்தை நூலிழையில் தப்பினார். குழந்தையின் பாதுகாப்பில் அக்கறைப்பட்டவர் செய்த வேலை இது. நீதிமன்றம் கொடுத்த சிறை 120 நாள். அந்தத் தந்தையிடமும் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் தெருவில் இரண்டாவது குண்டும் பறந்திருக்கும், நடுவில் அந்தக் குழந்தை இருந்திருக்கும். துப்பாக்கி இல்லாதபோது வசவோடு முடிகிற சண்டை இது. சைக்கிள்காரருக்கு இத்தகைய வசவு வாராவாரம் கிடைக்கும்.

தனியாக ஓட்டும் பெண்களின் பயம் கற்பனை என்று சொல்ல எனக்கு வாய் வராது. கறுப்பினத்தவரின் பயமும் அப்படியே. அவர்களுக்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்கில்லை. ஆனால் 2016இல் மினசோட்டாவில் கறுப்பினத்தவரான ஃபிலாண்டோ காஸ்டில், தன்னிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பதைக் காவலரிடம் மரியாதையாகச் சொன்னார். சொன்ன சில வினாடிகளில் காருக்குள்ளேயே சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் விடுதலையானார். 2020 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் 29 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவரைச் சைக்கிள் ஓட்டிய விதம் சரியில்லை என்று காவலர்கள் நிறுத்தப் பார்த்தார்கள். அவர் ஓடினார், கையிலிருந்த துணிகள் விழுந்தன, கூடவே ஒரு கைத்துப்பாக்கியும் விழுந்தது. அதை எடுக்கப் போனார் என்பது காவலர் தரப்பு, இல்லை என்பது குடும்பத்தின் வழக்கறிஞர் தரப்பு. சுட்டுக் கொன்றுவிட்டார்கள். துப்பாக்கியால் வரும் பாதுகாப்பு யாருக்கு எவ்வளவு என்பதை அந்த நாட்டில் தோலின் நிறமும் தீர்மானிக்கிறது.

ஆண்டுக்கு 25 லட்சம் முறை அமெரிக்கர்கள் துப்பாக்கியால் தங்களைக் காத்துக்கொள்கிறார்களே என்று ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து வீசுவார்கள். அது குற்றவியல் ஆய்வாளர்கள் கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் இருவரும் 1995இல் வெளியிட்டது. சுமார் ஐயாயிரம் பேரைத் தொலைபேசியில் கேட்டார்கள். ஆமாம் என்றவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். அதை நாடு முழுவதற்கும் பெருக்கினார்கள். அபூர்வமான நிகழ்ச்சியைப் பற்றி இப்படிக் கேட்டால், நூறில் ஒருவர் மிகைப்படுத்தினாலே விடை லட்சக்கணக்கில் ஊதிவிடும் என்று ஹார்வர்டின் டேவிட் ஹெமன்வே அப்போதே எழுதினார். அரசின் குற்ற ஆய்வு சொல்லும் எண்ணிக்கை இதில் சிறு பங்குதான்.

சர்ச்சைக்கு இடமில்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். சைக்கிள் பயணம் இரண்டு மணி நேரம். மீதி இருபத்திரண்டு மணி நேரமும் அந்தத் துப்பாக்கி வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2020இல் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் ஆபத்து மற்ற ஆண்களைவிடச் சுமார் எட்டு மடங்கு. பெண்களுக்கு 35 மடங்கு. எந்த மாடல் நல்லது என்ற பட்டிமன்றத்தில் இதை யாரும் எடுப்பதில்லை.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். 2022இல் புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறப்புக் காரணம் காட்டினால்தான் உரிமம் என்ற நியூயார்க்கின் விதியை ரத்துசெய்தது. 29 மாநிலங்களில் உரிமமே இல்லாமல் மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆகவே தடையில்லை என்று நினைத்து, பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டனுக்குப் போகும் புகழ்பெற்ற சைக்கிள் பாதையில் கிளம்புகிறார் ஒருவர் என்று வையுங்கள். நீளம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பென்சில்வேனியா உரிமம் பையில் இருக்கிறது. காட்டுக்குள் ஓரிடத்தில் மேரிலாண்ட் எல்லை வரும். மேரிலாண்ட் வேறெந்த மாநில உரிமத்தையும் ஏற்பதில்லை. ஒரு பெடல் முன்னால் போனதும் தற்காப்பு வீரர் குற்றவாளி ஆகிவிட்டார். எந்த வழிப்பறிக்காரரும் இன்னும் வரவில்லை.

இத்தனைக்கும் பிறகு, ஒருவேளை, ஒரே ஒரு தடவை, தேவைப்பட்டால் என்பார்கள். அந்த ஒரு தடவைக்குத்தான் மிளகாய்த் தெளிப்பான். ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில், இடது கைக்கு எட்டும்படி. குறி தவறினாலும் யாரும் சாகப்போவதில்லை. மீதிக் காசுக்குப் பின்பார்வைக் கண்ணாடியும் பகலிலும் எரியும் பின்விளக்கும் வாங்கலாம். அதற்கும் மேல் கோபம் மிச்சமிருந்தால் நகராட்சிக் கூட்டத்துக்குப் போய் உட்காரலாம். நியூஜெர்சியின் ஹோபோகன் நகரில் தெரு முனைகளை மறைத்துக் கார் நிறுத்த முடியாதபடி தடுப்பு வைத்தார்கள், சைக்கிளுக்குத் தனித் தடம் போட்டார்கள், வேகத்தை மணிக்கு 20 மைலாகக் குறைத்தார்கள். 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேல் அந்த நகரத் தெருக்களில் போக்குவரத்து விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை.