நம் ஆட்சி சுட்டால் குண்டு வலிக்காதா?

2026 சட்டமன்றத் தேர்தல் நெருங்க நெருங்க, நம் பக்கத்து இணையச் செயற்பாட்டாளர்களிடம் ஒரு நோய் முற்றிக்கொண்டு வருகிறது. திமுக அரசின் ஒரு முடிவை யாராவது கேள்வி கேட்டால், கேள்விக்குப் பதில் வருவதில்லை. கேட்டவர் யார், அவருக்குப் பின்னால் யார், இப்போது ஏன் கேட்கிறார் என்று விசாரணை தொடங்கிவிடுகிறது. அரை மணி நேரத்தில் தீர்ப்பும் வந்துவிடும்: 'சங்கி', 'பி டீம்', 'அடையாள அரசியல் செய்பவர்'. கேட்டவர் தலித்தாக இருந்தால் தீர்ப்பு இன்னும் சீக்கிரம் வரும்.

இதைச் செய்பவர்கள் எல்லாரும் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. 'இருநூறு ரூபாய் உபி' என்ற கேலியில் எனக்கு உடன்பாடு கிடையாது. பெரும்பாலோர் வேலை முடிந்து வந்து, தூக்கம் கெட்டு, பாஜகவின் பொய்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறவர்கள். அவர்களுடைய பயம் உண்மையான பயம். கருங்கல்காரனான எனக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. தமிழ்நாட்டில் பாஜகவின் முதல் சட்டமன்ற உறுப்பினர் 1996இல் எங்கள் மாவட்டத்துப் பத்மநாபபுரத்திலிருந்துதான் கோட்டைக்குப் போனார்.

எனவே 'பாஜக வந்துவிடும்' என்ற வாதத்தை நான் அலட்சியமாக ஒதுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: நாம் வாயை மூடிக்கொண்டால் அது வராமல் இருக்குமா? இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்து ஊரிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது.

அந்த ஊர் புதுக்கடை. திருவிதாங்கூர்-கொச்சியின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரி 11.8.1954 அன்று நடந்த போராட்டத்தில், புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டது. நிராயுதபாணிகள் செத்தார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 11இல் அந்தத் தியாகிகளுக்கு மாலை போடுகிறோம், மார்ஷல் நேசமணியைப் பற்றிப் பேசுகிறோம். சுட்டது யாருடைய அரசு என்பதை மட்டும் பேசாமல் கடந்துவிடுகிறோம்.

அது காங்கிரஸ் அரசு அல்ல. நாட்டுக்கே மாற்று என்று சொல்லிக்கொண்டு வந்த பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் அரசு. முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை. 117 பேர் கொண்ட சபையில் வெறும் 19 இடங்களை வைத்துக்கொண்டு, காங்கிரசின் ஆதரவில் ஓடிக்கொண்டிருந்த ஆட்சி அது.

அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். செய்தி கிடைத்ததும், தன் சொந்தக் கட்சியின் அரசு பதவி விலக வேண்டும் என்று அங்கிருந்தே கோரினார். எதிர்க்கட்சியாக இருக்கும்போது துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்துவிட்டு, ஆட்சிக்கு வந்ததும் நாமே சுட்டால் நமக்கும் காங்கிரசுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். கட்சித் தலைமை வருத்தம் தெரிவித்தது. பதவி விலகச் சொல்ல மறுத்தது. லோகியா பொறுப்பை விட்டு விலகினார். அதே ஆண்டு நவம்பரில் நாக்பூரில் கூடிய கட்சி மாநாட்டிலும் பெரும்பான்மை தலைமையின் பக்கமே நின்றது. அதன்பின் வேறு தகராறுகளும் சேர்ந்துகொள்ள, 1955இல் கட்சி அவரை வெளியே தள்ளியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் ஐதராபாத்தில் தனிக் கட்சி தொடங்கினார்.

சரி, இவ்வளவும் செய்து காப்பாற்றிய ஆட்சி என்ன ஆனது? 1955 பிப்ரவரியில், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. துப்பாக்கிச் சூடு நடந்து ஆறு மாதம்! ஆட்சியும் போனது, மானமும் போனது, கட்சியும் உடைந்தது. வாய் பேசாமல் இருந்தவர்கள் எதையும் காப்பாற்றவில்லை.

லோகியாவைப் புனிதராக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. 'காங்கிரசை வீழ்த்தினால் போதும்' என்ற அவருடைய 1960களின் அரசியல்தான், 1967 கூட்டணி ஆட்சிகளில் ஜனசங்கத்தை மற்ற கட்சிகளோடு சமமாக உட்கார வைத்தது. அதற்காக அவரைக் கடுமையாக விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆனால் அதைக் காட்டி 1954இல் அவர் கேட்ட கேள்வியைத் தள்ளுபடி செய்ய முடியாது. கேட்டவரிடம் குறை இருக்கலாம், கேள்வி சரியாக இருக்கலாம். இந்த எளிய வேறுபாட்டைத்தான் இன்றைய முட்டுக்காரர்கள் தினம் தினம் அழிக்கிறார்கள்.

அண்மைக் காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இடதுசாரிகளும் விசிகவும் காங்கிரசும் வெளிநடப்பு செய்தன. திமுகவின் தொழிற்சங்கமான தொமுசவே எதிர்த்தது. இணையத்திலோ, 'விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான்', 'வாரத்துக்கு அதே 48 மணி நேரம்தான்' என்று விளக்கப் பதிவுகள் பறந்தன. சில நாட்களில் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த அரசைத் தொழிலாளர்களின் கோபத்திலிருந்து காப்பாற்றியது யார்? முட்டுக் கொடுத்தவர்களா, முரண்பட்டவர்களா?

இது தொழிற்சங்கம் இருக்கும் இடத்தின் கதை. சங்கமோ சாதிப் பலமோ இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது?

2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி பாதிக்கப்பட்ட அதே சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கூட்டணியில் இருக்கும் விசிகவே அதை ஏற்காமல் சிபிஐ விசாரணை கேட்டது. நீதிமன்றம் குற்றத்தை முடிவு செய்வதற்கு முன்பே, 'பார்த்தீர்களா, அவர்களேதான்' என்று கொண்டாடிய முற்போக்குக் கணக்குகளை நான் பார்த்தேன். பெரியார் படத்தை முகப்பில் வைத்திருந்த கணக்குகள்.

2024 ஜூலையில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் சென்னையில் வெட்டிக் கொல்லப்பட்டபோது, இயக்குநர் பா. இரஞ்சித் அரசிடம் சில கேள்விகள் கேட்டார். அவற்றுக்குப் பதில் வருவதற்கு முன்பே, அவர் யாருடைய ஆள் என்ற ஆராய்ச்சி நடந்தது. 2025 ஆகஸ்டில், தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. 'நீதிமன்ற உத்தரவு, அரசு என்ன செய்யும்?' என்றார்கள். குப்பை அள்ளும் வேலை யார் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்று சாதி ஒழிப்பு பேசும் நமக்கு யாராவது பாடம் எடுக்க வேண்டுமா?

இங்கே ஒரு தோழர் எழுந்து, 'நீ எழுதுவதை நாளைக்கு சங்கிகள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார்களே' என்று கேட்பார். போடுவார்கள். நாம் கேட்காமல் விட்டால் அந்தக் கேள்வியையே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ரிப்பன் மாளிகை வாசலில் நாம் விட்ட இடத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் போய் நிற்கவில்லையா? ஒதுக்கப்பட்ட ஒரு சேரி இளைஞன், தன் வலியைச் சொன்னதற்காக நம்மிடம் 'பி டீம்' பட்டம் வாங்கியவன், அடுத்த முறை நம் பேச்சைக் கேட்பானா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தொகுதியான விளவங்கோட்டிலிருந்து 2024இல் பாஜகவுக்குப் போனவர், மதச்சார்பற்ற கூட்டணியின் வாக்கில் ஜெயித்த, மூன்று முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். முகநூலில் கேள்வி கேட்ட பையன்கள் யாரும் போகவில்லை.

திராவிட இயக்கத்தின் வரலாற்றிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்று பெரியார் அறிவித்தபோது, அதற்கு மாறான கருத்தை அண்ணா தன் 'திராவிட நாடு' இதழில் வெளிப்படையாக எழுதினார். கடும் கோபத்தைச் சந்தித்தார். யார் சொன்னது சரி என்று இன்றும் விவாதிக்கலாம். ஆனால் தலைவரோடு முரண்படுவது துரோகம் என்று அண்ணா நினைத்திருந்தால், 1949இல் திமுக பிறந்தே இருக்காது. தான் சொல்வதையும் உன் அறிவில் உரசிப் பார் என்றவர் பெரியார். அவர் பெயரால் ஒருவனை யோசிக்காதே என்பதைவிட அவருக்கு வேறு அவமானம் இல்லை.

தோழர்களே, பாஜகவுக்கு எதிராக வாக்குக் கேளுங்கள், நானும் கேட்பேன். கூடவே, ஒவ்வொரு பதிவுக்கும் முன் ஒன்றை யோசியுங்கள்: இதே காரியத்தை அதிமுக ஆட்சி செய்திருந்தால் நாம் என்ன எழுதியிருப்போம்? 2018இல் தூத்துக்குடியில் சுட்டபோது எழுதினோமே, அந்தக் கையால்தான் இதையும் எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் குறைந்தபட்சம், எழுதுகிறவன் மேல் பட்டம் ஒட்டாதீர்கள். கட்சிக்கு ஐடி விங் இருக்கிறது. அது அதன் வேலையைப் பார்க்கட்டும். சாதி ஒழிப்பு இயக்கத்துக்கு ஐடி விங் தேவையில்லை. பாதிக்கப்பட்டவன் பக்கத்தில் நிற்க ஆள் தேவை, ஆட்சியில் யார் இருந்தாலும்.