படகேறும் ஆசிரியையும் பண்பாட்டுக் காவலரும்

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் கற்பிக்கச் செல்லும் ஆசிரியைகள், ஒரு கையாற் சேலைக் கொய்யகத்தைப் பற்றியவாறு, ஆடும் படகினுட் கால்வைக்கின்றனர். அவருள் ஒருத்தி சேலையின் கீழ் விளையாட்டுச் சப்பாத்து அணிந்துவிட்டாலோ, "இது என்ன கோலம்?" எனக் கேட்க யாழ்ப்பாணத்தில் ஆளுக்குக் குறைவில்லை.

கேட்போர் தூய மரபெனப் போற்றும் சேலைக்கோலத்தில், ரவிக்கையும் உட்பாவாடையும் இன்றைய வடிவில் ஐரோப்பியர் ஆட்சிக்காலக் கலப்பால் விளைந்தவை. மாணவியரின் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் எந்தச் சங்கப் பாடலில் உள்ளன? ஆடவர் வேட்டியைக் களைந்து நீளக்காற்சட்டைக்கு மாறியபோது மட்டும் பண்பாடு ஏனோ அழியவில்லை! ஆடவரின் உள்ளாடைக்கும் விளையாட்டுடைக்கும் உரியதெனக் கருதப்பட்ட பின்னல் துணியில், 1916 அளவில் பிரான்சின் சனேல் அம்மையார் பெண்களுக்கு உடை சமைத்தார். இன்று அது நாகரிகத்தின் உச்சமாம்.

2022 நவம்பரில், பொருளாதார நெருக்கடியினிடையே, இலங்கையில் சில ஆசிரியைகள் சேலையன்றி வேறு உடையிற் பாடசாலை சென்றனர். கல்வி அமைச்சு அதனை ஏற்கவில்லை. தீவக ஆசிரியை சேலையையே கைவிடக் கேட்கவுமில்லை. வழுக்காத சப்பாத்து ஒன்றே அவளுக்குத் தேவை. நெடுந்தீவின் முருகைக்கற் பாதையிற் குதியுயர்ந்த செருப்பு எவ்வளவு தூரம் செல்லும்?

கடல் கொந்தளிக்கும் வாடைக்காலத்தில், கண்டிப்போர் ஒருநாள் சேலையுடுத்தி அப்படகில் ஏறட்டும். கோலத்தைப் பற்றிப் பின்னர் பேசட்டும்.